கூர்மையான படம் சரியான படமா?
அணு மருத்துவ ஸ்கேன்களில் அசைவைத் திருத்தும் முயற்சிகள்: ஓர் ஆய்வு

பெட் ஸ்கேன் கருவியில் உடலின் ஒரு பகுதியைப் படமெடுக்க வழக்கமாக இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் நோயாளி முப்பது, நாற்பது முறை மூச்சு விட்டிருப்பார். இதயம் இருநூறு முறை துடித்திருக்கும். அமைதியாக மூச்சு விடும்போதே உதரவிதானம் 1 முதல் 2 செ.மீ. வரை மேலும் கீழும் நகர்கிறது. மருத்துவமனைகளில் இன்றுள்ள கருவிகளோ 4, 5 மி.மீ. அளவுக்கு நுணுக்கம் காட்டக்கூடியவை. ஆக, உடலின் அசைவு கருவியின் நுணுக்கத்தைவிடப் பெரியது. கருவியை மேலும் நுட்பமாக்குவதால் மட்டும் நுரையீரலின் அடியில் இருக்கும் சிறு கட்டி தெளிவாகத் தெரிந்துவிடாது.

எக்ஸ்ரே போல நொடியில் எடுத்து முடிக்கலாமே என்றால், அதற்கு இயற்பியலே தடை. உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்திலிருந்து வெளிவரும் காமா கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணித்தான் இந்தப் படம் உருவாகிறது. மருந்தின் அளவைக் கூட்டினால் நோயாளி வாங்கும் கதிர்வீச்சும் கூடும். எனவே காத்திருந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருக்கும் நேரத்தில் உடல் அசைகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அசைவின் விளைவைப் படத்திலிருந்து நீக்க முடியுமா என்பது முதலாவது. நீக்கிவிட்டோம் என்பதை எப்படி உறுதிசெய்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாகப் பதில்கள் குவிந்துள்ளன. இரண்டாவது கேள்விக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அசையாமல் வைத்திருத்தல்

மிகப் பழைய பதில் எளிமையானது: நோயாளியை அசையவிடாதே. தலைக்கு வார்ப்பட்டை அல்லது முகமூடி, உடலுக்குக் காற்று உறிஞ்சிய மெத்தை, கைகளுக்குத் தாங்கு, குழந்தைக்குப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தல், தேவைப்பட்டால் மயக்க மருந்து. வலியில்லாமல் படுத்திருக்கும் நோயாளி குறைவாக அசைகிறார். ஆகவே முழங்காலுக்கு அடியில் வைக்கும் ஒரு தலையணை பல மென்பொருள்களைவிடப் பயன் தரலாம். ஆனால் மூச்சையும் இதயத்தையும் பட்டை போட்டு நிறுத்த முடியாது. பார்க்கின்சன் நோயாளியின் நடுக்கத்தையும் முதுமறதி உள்ளவரின் தவிப்பையும் வற்புறுத்தி அடக்குவது சரியுமல்ல.

ஸ்பெக்ட் கற்றுத்தந்த முதல் பாடம்

இதயத்தசையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேனில் கேமரா நோயாளியைச் சுற்றி நகர்ந்து ஒவ்வொரு கோணத்திலிருந்தும் தனித்தனியாகப் படமெடுக்கிறது. ஒரு கோணத்துக்கும் அடுத்த கோணத்துக்கும் இடையே நோயாளி நகர்ந்துவிட்டால் அந்தப் படங்கள் ஒன்றோடொன்று முரண்படும். முரண்பட்டவற்றைக் கொண்டு முப்பரிமாணப் படத்தைக் கட்டினால், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் தசையிலும் குறைபாடு இருப்பதுபோலத் தோன்றும். மங்கலான படத்தைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். இல்லாத நோயைத் தெளிவாகக் காட்டும் படம்தான் ஆபத்தானது.

1980-களின் இறுதியில் தாலியம்-201 கொண்டு செய்த பரிசோதனைகளில் இதற்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. டிரெட்மில்லில் ஓடி முடித்ததும் நோயாளியைப் படுக்கவைத்து உடனே படமெடுப்பது அப்போதைய வழக்கம். ஓடிய களைப்பில் ஆழமாக மூச்சு விடும்போது நுரையீரல் விரிந்து உதரவிதானம் தாழ்ந்திருக்கும். மூச்சு அடங்க அடங்க உதரவிதானமும் அதன்மேல் அமர்ந்திருக்கும் இதயமும் மெல்ல மேலேறும். நோயாளி அசையவே இல்லை என்று தொழில்நுட்பப் பணியாளர் உறுதியாகச் சொல்வார். ஆனாலும் இதயம் நகர்ந்திருக்கும். இதயத்தின் இந்த மெதுவான மேலேற்றம் பொய்யான குறைபாடுகளுக்கு அடிக்கடி காரணமாவதை 1989-இல் ஃபிரீட்மனும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்தனர். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் படமெடுப்பதே அதற்குத் தீர்வு. பின்னர் டெக்னீசியம்-99எம் சேர்ந்த மருந்துகள் பரவலாயின. அவை தசையில் நிலைத்து நிற்பதால் உடனே படமெடுக்க வேண்டிய அவசரமே இல்லாமல் போனது. கணக்கு முறைகளால் திருத்த முயன்ற ஒரு பிழையைப் பெருமளவு குறைத்தது மருந்தின் வேதியியல்தான்.

எஞ்சிய அசைவுகளுக்கு மென்பொருள் வந்தது. அடுத்தடுத்த கோணப் படங்களை ஒப்பிட்டு, இதயம் நகர்ந்த அளவுக்குப் படத்தை மேலோ கீழோ தள்ளி நேராக்கும். உடலின் நெடுக்குவாட்டில் நடக்கும் அசைவுக்கு இது நன்றாக உதவுகிறது. பக்கவாட்டு அசைவும் உடல் திரும்புவதும் இப்படித் தள்ளுவதால் சரியாவதில்லை. இதயத்துக்கு அருகே கல்லீரலோ குடலோ மருந்தை அதிகம் ஈர்த்திருந்தால், மென்பொருள் அவற்றை இதயமென்று எண்ணிப் பின்தொடர்ந்து நல்ல படத்தையும் கெடுத்துவிடுகிறது. அதனால்தான் சுழலும் படத்தை ஓடவிட்டுக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை எந்தத் தானியங்கித் திருத்தத்துக்காகவும் கைவிடக் கூடாது.

கேட்டிங்: எண்ணிக்கையைப் பிரித்தல்

1970-களின் தொடக்கத்திலேயே ஈசிஜி சமிக்ஞையைக் கொண்டு இதயத் துடிப்பைப் பல கட்டங்களாகப் பிரித்துப் படமெடுக்கும் முறை வந்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் வந்த காமா கதிர்களை ஒரே பையில் போடுவதுதான் கேட்டிங். மூச்சுக்கும் இதையே செய்யலாம் என்பது புற்றுநோய் பெட் ஸ்கேன்களில் 2000-க்குப் பின்னர் வலுப்பெற்றது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் மையத்தைச் சேர்ந்த நெஹ்மே குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதில் முன்னோடி. மூச்சுக் கட்டங்களாகப் பிரித்த படங்களில் நுரையீரல் கட்டியின் பரப்பு சுருங்கியது. மருந்தேற்பின் அளவான எஸ்யூவி மதிப்பு சில நோயாளிகளிடம் பாதிக்கும் மேல் கூடியது.

பலன் உண்மையானது. அதற்குரிய விலையும் உண்டு. எட்டுக் கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டில் ஒரு பங்கு எண்ணிக்கையே கிடைக்கும். இரைச்சல் ஏறத்தாழ 2.8 மடங்காகும். நேரத்தை நீட்டி ஈடுகட்டலாம் என்றால், நீண்ட நேரம் படுத்திருப்பவர் வேறு விதங்களில் அசையத் தொடங்குவார். இன்னொரு சிக்கலும் உள்ளது. துடிப்பு ஓரளவு ஒழுங்கானது, மூச்சு அப்படியல்ல. பதற்றமாக உள்ளே வரும் நோயாளி பத்து நிமிடத்தில் தூங்கிப்போகலாம். ஒவ்வொரு மூச்சையும் சம நேரத் துண்டுகளாக வெட்டுவதைவிட, மார்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பிரிப்பது உடலின் நிலையை உண்மைக்கு நெருக்கமாகக் காட்டும். எனினும் அதில் சில பைகள் கிட்டத்தட்டக் காலியாகவே இருக்கும்.

இதற்கிடையே வந்த சமரசம், மூச்சு வெளிவிட்டபின் உடல் சற்று ஓய்ந்திருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. அன்றாடப் பணியில் இதுவே அதிகம் நிலைத்தது. நோயாளிக்குக் கொடுத்த கதிர்வீச்சில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுகிறோம் என்ற உறுத்தல் மட்டும் அதில் எஞ்சியிருக்கிறது.

சிடி கொண்டுவந்த பிழை

அசைவு என்றதும் மங்கலையே நினைக்கிறோம். ஆனால் மிகப் பெரிய பிழைகள் பல மங்கலால் வருபவையல்ல. இரு படங்கள் பொருந்தாததால் வருபவை.

பெட் மருந்து வெளியிடும் பாசிட்ரான்கள் அழியும்போது பிறக்கும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர்களில் ஒரு பகுதி உடலைக் கடக்கும்போதே வலுவிழந்து மறைகிறது. எங்கே எவ்வளவு மறைந்தது என்று கணக்கிட்டுச் சேர்க்காவிட்டால் பெட் ஸ்கேனின் எண்களுக்குப் பொருளில்லை. முன்பு ஜெர்மேனியம்-68 கம்பிகளை நோயாளியைச் சுற்றிச் சுழற்றி நிமிடக்கணக்கில் இந்தக் கணக்கை எடுத்தார்கள். அது மெதுவானது, இரைச்சல் நிறைந்தது. ஆனால் அதிலும் மூச்சு சராசரியாகப் பதிந்ததால் பெட் படத்தோடு ஓரளவு பொருந்தியது. டவுன்சென்டும் நட்டும் உருவாக்கிய பெட்-சிடி இணைப்புக் கருவி 1998-இல் பிட்ஸ்பர்க்கில் சோதனைக்கு வந்தபின் எல்லாம் மாறியது. சில நொடிகளில் முடியும் சிடி, மெதுவான கம்பிகளின் இடத்தைப் பிடித்தது. படங்களின் தரம் பெரிதும் உயர்ந்தது; சில ஆண்டுகளில் பெட் மட்டும் கொண்ட கருவிகள் ஏறக்குறைய மறைந்தன. ஆனால் சிடி மூச்சின் ஒரு கணத்தைப் பிடிக்கிறது, பெட் எல்லா மூச்சுகளின் சராசரியைப் பிடிக்கிறது.

நோயாளி ஆழ மூச்சிழுத்த கணத்தில் சிடி எடுக்கப்பட்டால், பெட் படத்தில் கல்லீரலின் மேற்புறம் இருக்கும் இடம் சிடியில் காற்று நிறைந்த நுரையீரலாகத் தெரியும். அங்கே திருத்தம் குறைவாகவே சேர்க்கப்படும். உதரவிதானத்தின்மேல் பிறைபோல ஒரு வெளிறிய பட்டை விழும். கல்லீரல் உச்சியில் உள்ள கட்டி நுரையீரலில் இருப்பதுபோலக் காட்சி தரும். 300 நோயாளிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் கல்லீரல் கட்டி நுரையீரல் கட்டியாகத் தோன்றியது சுமார் 2 விழுக்காட்டினரிடம். சிறிய எண்தான். ஆனால் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்ற முடிவே அங்கே மாறுகிறது.

இதய பெட் ஸ்கேனில் நிலைமை இன்னும் மோசம். இதயத்தின் இடப்பக்கச் சுவர் சிடியில் நுரையீரல்மேல் விழுந்துவிட்டால், நலமான தசை ரத்தமின்றி வாடுவதுபோலத் தெரியும். ஹூஸ்டனைச் சேர்ந்த கூல்ட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 259 நோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் இத்தகைய செயற்கைக் குறைபாடுகள் காணப்பட்டன. இரு படங்களையும் கையால் நகர்த்திப் பொருத்தியபோது அவை நீங்கின.

தீர்வுகள் பல முன்வைக்கப்பட்டன: மூச்சை மெல்ல விட்டு சிடி எடுப்பது, ஒரே இடத்தில் பல நொடிகள் சிடி எடுத்துச் சராசரியாக்குவது, ஒவ்வொரு மூச்சுக் கட்டத்துக்கும் தனித்தனி சிடி எடுப்பது. கடைசி முறையில் கூடுதல் கதிர்வீச்சு உண்டு. காமா கதிர்கள் பறந்துவரும் நேரத்தை அளக்கும் பெட் கருவிகள் பரவியபின், மருந்தின் பரவலையும் கதிர் மெலிவையும் பெட் தரவிலிருந்தே ஒருசேரக் கணக்கிடும் முறைகள் 2010-களில் வளர்ந்தன. கோட்பாட்டளவில் அவை சிடியின் பொருத்தமின்மையைத் தரவாலேயே திருத்த வழி திறக்கின்றன. அன்றாடப் பணியில் அவற்றின் பயன் இன்னும் வரையறைக்கு உட்பட்டதே. இந்தத் துறையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றலாம் என்றால், ஒவ்வொரு மார்பு ஸ்கேனிலும் பெட், சிடி எல்லைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து அறிக்கையில் எழுதுவதையே முதலில் தேர்வேன்.

தலை: எளிதாகத் தோன்றும் சிக்கல்

மண்டையோடு வளையாது. அதனால் தலையின் அசைவை மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள் என ஆறு எண்களில் சொல்லிவிடலாம். வளைந்து நெளியும் நுரையீரலோடு ஒப்பிட்டால் இது எளிது. ஆனால் மூளை ஆய்வில் ஸ்கேன் 90 நிமிடம்வரை நீள்வதுண்டு. அளக்கவேண்டிய மாற்றமோ மிகச் சிறியது.

நெடிய ஸ்கேனைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்துவது பழைய வழி. மருந்து செலுத்திய முதல் நிமிடங்களில் மூளை ஒரு விதமாகவும் பின்னர் வேறு விதமாகவும் தெரியும் என்பதால் பொருத்துதல் தடுமாறும். ஒரு துண்டுக்குள்ளேயே நடந்த அசைவு அப்படியே தங்கிவிடும். தலையில் ஒளியை எதிரொளிக்கும் குறிகளை ஒட்டி, கேமராவால் தொடர்ந்து கவனித்து, பதிவான ஒவ்வொரு காமா நிகழ்வையும் அந்தக் கணத்துத் தலை நிலைக்கு ஏற்ப இடமாற்றுவது அடுத்த வழி. கொள்கையளவில் இதுவே சிறந்தது. ஆனால் குறியை ஒட்டிய தொப்பி நழுவினால், தலை அசையாமலே அசைவு பதிவாகும். குறியின்றி முகத்தின் வடிவத்தையே பின்தொடரும் கேமராக்கள் இப்போது வளர்ந்துவருகின்றன. அவற்றுக்கும் முகபாவனை மாறுவது ஒரு தொல்லை.

இதில் எவ்வளவு பணயம் இருக்கிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். கணினி விளையாட்டின்போது மூளையில் டோபமின் சுரப்பதாக 1998-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. பெரும் கவனம் பெற்ற ஆய்வு அது. விளையாடுபவரின் தலை அசைவே, டோபமின் சுரப்பின் அடையாளமாகக் கொள்ளப்படும் மருந்துப் பிணைப்புக் குறைவாகத் தோற்றம் தரக்கூடும் என்ற கேள்வி இவ்வகை ஆய்வுகளைப் பற்றிப் பின்னர் எழுந்தது. முடிவு தவறென்று அதனால் ஆகிவிடாது. ஆனால் அசைவை அளக்காத ஒரு ஸ்கேனால் அந்த ஐயத்தைத் தீர்க்கவே முடியாது.

பிரித்ததைச் சேர்த்தல்

கேட்டிங் தரும் துண்டுகளை எறியாமல் சேர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு துண்டையும் தனிப் படமாகக் கட்டி, வளைத்துப் பொருத்தி, பின் சராசரியாக்குவது. மற்றது, எந்தப் பகுதி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் அசைவு வரைபடத்தை, எண்ணிக்கைகளைப் படமாக்கும் மீள்கட்டமைப்புக் கணக்குக்கு உள்ளேயே வைத்து எல்லாத் தரவிலிருந்தும் ஒரே படத்தைக் கட்டுவது. முதல் வழி எளிது, சோதிப்பதும் எளிது. ஆனால் எண்ணிக்கை குறைந்த துண்டுகளில் வழக்கமான மீள்கட்டமைப்பு முறைகள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. பின்னர் எத்தனை சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு போவதில்லை. இரண்டாவது வழி கணிதப்படி நேர்மையானது. ஆனால் அசைவு வரைபடம் பிழையானால், பிழை எங்கே நுழைந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்வது கடினம்.

இரண்டுக்குமே அடிப்படை அந்த வரைபடம்தான். இரைச்சல் நிறைந்த பெட் துண்டுகளிலிருந்து அதைக் கணிப்பது எளிதல்ல. இதயம் சுருங்கும்போது தசை தடித்து, படத்தில் அதன் ஒளிர்வும் கூடுகிறது. ஒளிர்வு மாறாது என்று கருதும் வழக்கமான முறைகள் இங்கே தவறுகின்றன. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் குழு, மொத்த மருந்தின் அளவு மாறாமல் படத்தை வளைக்கும் முறைகளை உருவாக்கியதற்கு இதுவே காரணம். 2010 வாக்கில் வந்த பெட்-எம்ஆர் இணைப்புக் கருவிகள் இன்னொரு வாய்ப்பைத் தந்தன: பெட் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எம்ஆர்ஐ உறுப்புகளின் அசைவைத் தெளிவாகப் படமெடுக்கலாம், கூடுதல் கதிர்வீச்சும் இல்லை. முடிவுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் அசைவைப் பதிவதற்குச் செலவிடும் நேரம் நோயறியும் எம்ஆர்ஐ படங்களிலிருந்து பறிக்கப்படுகிறது. கருவிகளின் எண்ணிக்கையும் குறைவு.

பட்டையின்றி மூச்சை அறிதல்

மார்பில் கட்டும் பட்டை, வயிற்றில் வைக்கும் குறி ஆகியவற்றுக்கு ஆயத்த நேரம் வேண்டும். பாதியில் அவை வேலை செய்யாமலும் போகும். பெட் தரவே மூச்சோடு ஏறி இறங்குகிறது என்பதைப் பயன்படுத்தி, தரவிலிருந்தே மூச்சுச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் முறைகள் 2009-க்குப் பிறகு வேகமாக முதிர்ந்தன. இப்போது வணிகக் கருவிகளிலேயே வருகின்றன. கேட்டிங்கை ஆய்வகத்திலிருந்து அன்றாடப் பணிக்குக் கொண்டுவந்தது இதுதான் என்று சொல்லலாம். அலை ஏறுவது மூச்சு உள்ளிழுப்பதையா வெளிவிடுவதையா என்று தரவு தானாகச் சொல்லாது என்பது ஒரு குறை. உதரவிதானத்தின் அருகே அதிகம் சேராத மருந்துகளில் அலையே தெளிவாகக் கிடைக்காது என்பது மற்றொன்று.

அடுத்து வந்தவை ஆழ்கற்றல் வலையமைப்புகள். இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அசைவு வரைபடத்தை விரைவாகக் கணிக்கும் வலையமைப்பு ஒரு வகை; அது தரும் வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம், கல்லீரல் நம்ப முடியாதபடி நகர்ந்திருந்தால் கண்டுபிடிக்கலாம். மங்கலான படத்தை வாங்கித் தெளிவான படத்தை நேரடியாகத் தரும் வலையமைப்பு இன்னொரு வகை. அது பயிற்சியில் பார்க்காத ஒரு சிறு கட்டியை அழித்தாலோ இல்லாத ஒன்றைத் தீட்டினாலோ வெளியே தெரியாது. நோயறிதலுக்கு முதல் வகையே பொருந்தும் என்று தோன்றுகிறது.

கூர்மை எதற்குச் சான்று?

திருத்த முறைகளைப் பரிந்துரைக்கும் ஆய்வுகளில் பலவும் ஒரே அளவுகோலைக் கையாள்கின்றன: திருத்தியபின் கட்டி சிறிதாகவும் பிரகாசமாகவும் தெரிந்தது, எஸ்யூவியின் உச்ச மதிப்பு உயர்ந்தது. இது போதாது. உச்ச மதிப்பு என்பது ஒற்றைப் படப்புள்ளியின் மதிப்பு. இரைச்சல் கூடினால், கட்டியில் எதுவும் மாறாமலே உச்சம் உயரும். கேட்டிங் இரைச்சலைக் கூட்டுகிறது. ஆக, உயர்ந்த எண்ணில் எவ்வளவு அசைவு நீங்கியதால் வந்தது, எவ்வளவு இரைச்சலால் வந்தது என்று பிரிக்காமல் வெற்றி என்று அறிவிக்க முடியாது.

மனித உடலில் உண்மையான விடையை அறிய வழியில்லை என்பதே அடிப்படைத் தடை. அசையும் பொம்மை உடல்களிலும், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸ்கேட் போன்ற கணினி உடல்களிலும் விடை தெரியும். ஆனால் அவை உண்மையான நோயாளியைவிட ஒழுங்காக மூச்சு விடுகின்றன. நம்பத்தகுந்த மாற்று, ஒரே நோயாளியைச் சிகிச்சை ஏதும் தொடங்காமல் இருமுறை ஸ்கேன் செய்து, திருத்தத்துக்குப் பின் இரு மதிப்புகளும் நெருங்கிவருகின்றனவா என்று பார்ப்பது. எடின்பரோ குழு 2014-இல் 'லான்செட்'டில் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், சோடியம் ஃபுளோரைடு கொண்டு இதயத் தமனியில் சில மி.மீ. அளவே உள்ள படிவுகளைக் காண்பதில் ஆர்வம் பெருகியது. துடிப்பு, மூச்சு, உடல் நகர்வு மூன்றும் ஒன்றுசேரும் அந்த மிகக் கடினமான இடத்தில், திருத்தம் இருமுறை அளவீட்டின் ஒற்றுமையை மேம்படுத்துகிறதா என்று கேட்கும் ஆய்வுகள் வந்தன. மற்ற துறைகளும் பின்பற்றத்தக்க முறை அது.

இன்னொரு கேள்வி ஒப்பீடு பற்றியது. சிகிச்சை பலன் தருகிறதா என்று முடிவுசெய்ய 2009-இல் முன்மொழியப்பட்ட பெர்சிஸ்ட் அளவுகோல் கட்டியின் மருந்தேற்பில் 30 விழுக்காடு குறைவைக் கேட்கிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேனைத் திருத்திவிட்டுப் பின் எடுத்ததைத் திருத்தாமல் விட்டால், கட்டி மாறாமலே அந்த எல்லையை நெருங்கும் வேறுபாடு தோன்றக்கூடும். லிம்ஃபோமாவில் கட்டியின் ஒளிர்வைக் கல்லீரலோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுகிறார்கள். சிறு கட்டியின் எண்ணைத் திருத்தம் உயர்த்தும். பெரிய கல்லீரலின் எண்ணைப் பெரிதாக மாற்றாது. பழைய எல்லைகள் எல்லாம் மங்கலான படங்களிலிருந்து வந்தவை என்பதை இங்கே மறக்கக் கூடாது. கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ மங்கலுக்கே ஒரு பயன் உண்டு: மூச்சை நிறுத்தாமல் கதிர் பாய்ச்சும்போது, கட்டி சென்றுவரும் எல்லா இடத்தையும் காட்டும் சராசரிப் படம் திட்டமிட உதவும் என்ற வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

திறந்திருப்பவை

உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும் 194 செ.மீ. நீளமுள்ள எக்ஸ்புளோரர் கருவி, கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகக் குழுவின் முயற்சியில் 2018-இல் முதல் மனிதப் படங்களைத் தந்தது. 2020-இல் அதே கருவியில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரப் படங்களில் இதயத் துடிப்பையே பின்தொடர முடிந்தது. அசைவைத் திருத்துவதற்குப் பதில், ஒரு மூச்சை அடக்கும் நேரத்துக்குள் ஸ்கேனை முடித்துவிடலாம் என்ற பழைய கனவுக்கு இது உயிர் தருகிறது. ஆனால் அத்தகைய கருவியின் விலை பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டாதது. நெடுநேரம் பார்க்கவேண்டிய மூளை ஆய்வுகளுக்கு வேகம் மட்டும் விடையாகாது.

ஸ்கேனின் திருத்தம் நோயாளியின் சிகிச்சையை மாற்றி, அதனால் அவருக்கு நன்மை விளைந்தது என்று காட்டும் சான்று இன்னும் மெலிவாகவே உள்ளது. மூச்சுத் திருத்தம் தேவைப்படுவோர் யார், தேவையில்லாதோர் யார் என்று ஸ்கேனுக்கு முன்பே பிரித்தறிய ஒப்புக்கொண்ட விதி இல்லை. கல்லீரல் கட்டிக்குள் யிட்ரியம்-90 துகள்களைச் செலுத்தும் சிகிச்சையில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. துகள்கள் எங்கே தங்கின, கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு சென்றது என்பதைப் பெட் ஸ்கேனில் அளக்கிறார்கள். ஆனால் அந்த ஐசோடோப்பின் ஒரு லட்சம் சிதைவுகளில் ஏறத்தாழ மூன்றே பாசிட்ரானைத் தருகின்றன. கல்லீரல் ஒவ்வொரு மூச்சிலும் நகர்கிறது. கேட்டிங்குக்காகப் பிரிக்கவோ போதிய எண்ணிக்கை இல்லை. அங்கே மங்கலை ஏற்பதா, இரைச்சலை ஏற்பதா, கட்டியின் கதிர்வீச்சு அளவில் எது குறைந்த பிழையைத் தரும் என்பதற்கு அந்த நோயாளிகளிடமிருந்தே வரவேண்டிய அளவீடுகள் இன்னும் போதுமான அளவில் சேரவில்லை.